கடலுக்குள் போகும் கேமரா ஹவுசிங்: தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளும் முறை

கேமராவை உள்ளே வைத்து மூடிக் கடலுக்குள் கொண்டுபோகும் பெட்டிதான் ஹவுசிங். என் முதல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தது வெறும் மூன்று மீட்டர் ஆழத்தில். புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து படகில் போய் முதல் டைவ் முடித்து மேலே வந்தேன். மெமரி கார்டு நிறைந்துவிட்டதே என்று படகிலேயே ஹவுசிங்கைத் திறந்து கார்டை மாற்றி, தோளில் கிடந்த துண்டால் ரப்பர் வளையத்தை ஒரு இழுப்புத் துடைத்து, மூடிக் கொக்கியைப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போர்ட் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோடு மாதிரி நீர் ஏறுவது தெரிந்தது. மேலே வந்து திறந்து பார்த்தால், கறுப்பு வளையத்தின் குறுக்கே துண்டிலிருந்து வந்த ஒரு வெள்ளை நூல், நகத்தின் அகலம்கூட இருக்காது. கேமராவும் போனது, லென்ஸும் போனது.

அந்த நாளுக்குப் பிறகு என் ஹவுசிங் எதிலும் உப்புநீர் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. அதற்காகப் புதுசாக எந்தப் பெரிய கருவியும் வாங்கவில்லை. படகில் ஹவுசிங்கைத் திறப்பதை விட்டேன், அதைத் தவிர முந்தின நாள் சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து செய்வதுதான் மாறியது. ஒழுகுவதற்கான காரணம் கிட்டத்தட்ட எப்போதுமே ஹவுசிங்கைத் திறந்து மூடும் இடத்தில்தான் உருவாகிறது, கடல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் இதில் பெரும்பகுதி அந்த மேஜையைப் பற்றியே இருக்கும்.

கோப்ரோ என்ற சின்ன ஆக்‌ஷன் கேமராவின் பெட்டி, போனுக்கான பெட்டி, பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வரும் ஹவுசிங், லட்சக்கணக்கில் விலை போகும் அலுமினிய ஹவுசிங் என்று எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம், அது உட்காரும் பள்ளம், அதை அழுத்தும் மூடி. சமீப வருடங்களில் வந்த கோப்ரோக்களை ஹவுசிங் இல்லாமலே 10 மீட்டர் வரை கொண்டுபோகலாம். ஆனால் அதன் பேட்டரிக் கதவிலும் இதே மாதிரி ரப்பர்தான் வேலை செய்கிறது, அதையும் துடைத்துத்தான் மூட வேண்டும். இங்கே டெம்பிள் ரீஃப் என்ற டைவ் இடத்துக்குப் போனால் 18 மீட்டர் வரை இறங்குவோம், அதற்கு ஹவுசிங் இல்லாமல் முடியாது.

வளையம் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். வீட்டுக் குக்கரின் கேஸ்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் ஆவி உள்ளிருந்து தள்ளுகிறது, ஹவுசிங்கில் கடல் வெளியிலிருந்து தள்ளுகிறது. கொக்கியைப் போட்டதும் வளையம் கொஞ்சம் நசுங்கி, பள்ளத்தின் தரையையும் மூடியின் முகத்தையும் ஒரே சமயத்தில் தொடுகிறது. தண்ணீருக்குள் போகப் போக, நீரின் அழுத்தமே வளையத்தை இடுக்குப் பக்கம் தள்ளி இன்னும் இறுக்கிவிடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம் கூடுகிறது என்று கணக்கு. ஹவுசிங்கின் பின்கதவு 15 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 18 மீட்டரில் கடல் அந்தக் கதவைச் சுமார் 330 கிலோ எடையோடு அழுத்துகிறது. அதே கதவின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பது வெறும் 18 கிலோ.

அதனால்தான் ஆழம் குறைந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும். ஆழத்தில் இறுகிவிடுகிற வளையம், அலையடிக்கும் மேல்மட்டத்திலும், படகோரத் தண்ணீரிலும், ஏன், டைவ் முடிந்து கழுவும் தொட்டியிலும்கூடக் கொக்கியின் பிடியை மட்டும் நம்பி நிற்கிறது. மேலே கேமராவை இடித்தாலோ, கதவு ஒரு பக்கம் அழுந்தினாலோ அந்த நேரத்தில்தான் உள்ளே போகும். “எனக்கு ஆழம் கிடையாது, சும்மா ஸ்நார்கெல்தான்” என்று வளையத்தைத் துடைக்காமல் விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தலைமயிர் எப்படி ஒரு கேமராவைக் கொல்கிறது என்று கேட்பார்கள். மயிரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வளையம் அதன் மேல் மடங்கிப் படிகிறது, ஆனால் மயிரின் இரண்டு பக்கத்து மூலைகளையும் ரப்பரால் முழுசாக நிரப்ப முடியாது. அந்த இரண்டு மூலையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நீளும் இரண்டு சின்ன வாய்க்கால். நூல், நாய் பூனை முடி, பஞ்சு, காய்ந்த உப்புப் பரல் என்று குறுக்கே கிடக்கிற எதுவானாலும் இதே கதைதான். மணல் இன்னும் மோசம், அது வழியும் விடும், வளையத்தில் பள்ளமும் போட்டுவிட்டுப் போகும்.

சரி, மேஜைக்கு வருவோம். டைவுக்கு முந்தின நாள் சாயங்காலம் செய்யுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அரைத் தூக்கத்தில் செய்தால் எதையாவது விட்டுவிடுவோம். மின்விசிறியை நிறுத்துங்கள், இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை, அறையிலிருக்கும் தூசியையும் முடியையும் ஹவுசிங்குக்குள் கொண்டுவந்து போடுவது அதுதான். மேஜையில் துணி விரிக்காதீர்கள், துடைத்த பிளாஸ்டிக் விரிப்போ வெறும் கண்ணாடியோ போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காற்றில் உலரவிடுங்கள், துண்டில் துடைத்தால் நூல் மறுபடி கைக்கு வரும். கொசுவுக்குத் தடவும் க்ரீம் கையில் இருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும், அதில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பாலிகார்பனேட்டை அரிக்கும். நெற்றியில் விபூதி பூசியிருந்தால் குனியும்போது உதிரும், தட்டிவிட்டு உட்காருங்கள். நீளமான முடி இருப்பவர்கள் கட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சம் முக்கியம்: தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்வாக அடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத நூல் சாய்வான வெளிச்சத்தில் நிழலோடு தெரியும்.

வளையத்தை எடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். நான் ஊக்கு எடுத்து நெம்பப் போனதைப் பார்த்துவிட்டு, “தம்பி, கீழ வை அதை” என்றார். “ரிங்கை விடு, பள்ளத்துல ஒரு கீறல் விழுந்தா அப்புறம் எந்த ரிங் போட்டாலும் நிக்காது” என்று சொல்லிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் வளையத்தை எதிரெதிராகப் பள்ளத்துக்குள்ளேயே தள்ளினார். நடுவில் ஒரு இடம் மேடாக எழுந்து வந்தது, அதை விரலால் பிடித்து எடுத்தார். அவ்வளவுதான். பாலிகார்பனேட்டிலும் அலுமினியத்திலும் நான் இன்றுவரை இப்படித்தான் எடுக்கிறேன். விரலுக்கு இடமில்லாத சின்ன ஹவுசிங்கில் பழைய ஏடிஎம் கார்டின் மழுங்கின மூலை உதவும், ஹவுசிங்கோடு வரும் பிளாஸ்டிக் நெம்பியும் நல்லதுதான். ஊக்கு, கத்தி, திருப்புளி, இரும்பு இடுக்கி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

எடுத்த வளையத்தை முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு விரலால் பாருங்கள். இரண்டு விரல் நுனிகளுக்கு நடுவே மெதுவாக முழுச் சுற்றும் ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மணல்கூடத் தட்டுப்படும். இழுத்து நீட்டாதீர்கள், நீண்டுபோன வளையம் பள்ளத்துக்குப் பெரிதாகிப் புடைத்து நிற்கும், மூடும்போது கடிபடும். வெட்டு, சின்ன விரிசல், ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு அரைவட்டமாகிவிட்டது என்றால் அந்த ரப்பர் மீண்டு எழும் சக்தியை இழந்துவிட்டது, துடைத்தாலும் கிரீஸ் போட்டாலும் அதற்குப் பயன் இல்லை. மாற்றிவிடுங்கள். அடிக்கடி டைவ் போகிறவர் என்றால் முக்கிய வளையத்தை வருடம் ஒருமுறை மாற்றிவிட்டு, நன்றாக இருக்கும் பழையதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது அந்த ஹவுசிங் மாடலுக்கு என்று வருவதையே வாங்குங்கள். பம்புசெட்டுக்கு விற்கும் ஓ-ரிங்கில் “கிட்டத்தட்ட இதே சைஸ்” கிடைக்கும், விலையும் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் தடிமனில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலே நசுங்க வேண்டிய அளவு நசுங்காது.

துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், டிஷ்யூ வேண்டாம், காது குடையும் பஞ்சுக்குச்சியும் முடிந்தவரை வேண்டாம், மூன்றுமே நாரை விட்டுச் செல்லும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். வளையத்தில் பழைய கிரீஸும் மண்ணும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு அலசி, நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். டோம் என்கிற அரைக்கோள வடிவ அக்ரிலிக் போர்ட்டில் ஆல்கஹால் பட்டால் உள்ளுக்குள்ளேயே சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடிவிடும். வளையத்தைவிடப் பள்ளத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், குறிப்பாக நான்கு மூலைகளில். பல்குச்சியின் மழுங்கின பக்கத்தில் துணியைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள், மரம் நேராகப் படக்கூடாது. அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று: வளையம் எதன் மேல் அழுந்துகிறதோ அந்த எதிர்ப்பக்க முகம். வளையம் சுத்தம், பள்ளம் சுத்தம், எதிர்ப்பக்கத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தால் பலன் ஒன்றுதான்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று. தடுப்பது ரப்பர். வளையம் பள்ளத்துக்குள் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரவும், காய்ந்து போகாமல் இருக்கவும் மட்டும்தான் கிரீஸ். பின்கதவு வளையம் முழுவதுக்கும் ஒரு அரிசி அளவு, பெரிய ஹவுசிங் என்றால் இரண்டு அரிசி. விரல் நுனிகளில் தேய்த்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி ஓட்டுங்கள், முடிந்ததும் வளையம் பளபளப்பாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகக் கட்டி எங்கேயும் நிற்கக்கூடாது. அதிகமாகப் போட்டால் கடற்கரையில் இருக்கிற மணலையும் முடியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளத்துக்குள் தனியாகக் கிரீஸ் அப்பாதீர்கள்.

எந்தக் கிரீஸ் என்பது வளையம் எந்த ரப்பர் என்பதைப் பொறுத்தது. கறுப்பாக வருவது பெரும்பாலும் நைட்ரைல், அதற்குச் சாதாரண சிலிக்கோன் கிரீஸ் பொருந்தும். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் என்று நிறத்தில் வருபவை பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரால் ஆனவை, இவற்றில் சாதாரண சிலிக்கோன் கிரீஸை ஊற்றினால் ரப்பர் அதை உறிஞ்சிக்கொண்டு ஊதிப்போகும். அதனால் ஹவுசிங் தயாரித்தவர்கள் அந்த வளையத்துக்கு என்று கொடுக்கும் கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள், ஒரு ஹவுசிங்கின் டியூபை இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள். சில சின்னப் பெட்டிகளில் கிரீஸே போடக்கூடாது என்று கையேட்டில் இருக்கும், அதையும் மதியுங்கள். தேங்காய் எண்ணெய், வாஸ்லின், பைக் செயினுக்கும் படகு எஞ்சினுக்கும் போடும் மஞ்சள் கிரீஸ், இவை எதுவும் கூடாது. அவசரத்துக்கு என்று வாஸ்லினைத் தடவியதால் இரண்டு மூன்று வாரத்தில் வளையம் பிசுபிசுத்துப் போன கதையைப் படகில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

திரும்பப் போடும்போது முதலில் நான்கு மூலைகளில் உட்காரவைத்து, பிறகு நடுப்பகுதிகளை அழுத்துங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைத் திணிக்கும்போதுதான் முறுக்கு விழுகிறது. மூடும்போது கதவைப் படாரென்று சாத்தாமல் இரண்டு பக்கமும் சமமாகக் கொண்டுவந்து கொக்கியைப் போடுங்கள். மூடுகிற கடைசி நொடியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் ஓரம், கேமராவின் கைக்கயிறு, ஈரம் உறிஞ்சும் அட்டையின் நுனி இவற்றில் ஏதாவது கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். நூலுக்கு அடுத்து இதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். ஹவுசிங்குக்குள் வைப்பதற்கு முன்னாலேயே கேமராவின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். ஒளி ஊடுருவும் கதவு என்றால் வளையம் நசுங்கின இடம் முழுச்சுற்றும் ஒரே அகலத்தில் கருமையாகத் தெரியும், எங்காவது மெலிந்து தெரிந்தால் திறந்து மறுபடி பாருங்கள். லென்ஸ் மாற்றப் போர்ட்டைக் கழற்றினால் அதன் வளையத்துக்கும் முழுசாக இதே மரியாதை. கழற்றாத போர்ட்டை டைவுக்கு டைவ் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

எந்த அறையில் மூடுகிறோம் என்பதும் முக்கியம், நம் ஊரில் ரொம்பவே. ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடினால் ஒழுகாமலே கண்ணாடி மூடுபனி போட்டு, ஒழுகிவிட்டதோ என்று பயமுறுத்தும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம், அதாவது கடற்கரையோர மொட்டைமாடியின் சாதாரண நாள், அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. ஏசி அறையில் 24 டிகிரியில் 50 சதவீதம் என்றால் சுமார் 11 கிராம், பாதிக்கும் குறைவு. அதனால் கேமராவையும் ஹவுசிங்கையும் ஒரு மணி நேரம் ஏசி அறையில் வைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள். காலையில் வெளியே கொண்டுவரும்போது வெளிப்பக்கம் வியர்க்கும், அது வெளிப்பக்கம்தான், பயப்பட வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் புதிது போடுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது, அதைச் சமையல் வாணலியில் வறுத்துக் காயவைக்காதீர்கள்.

மூடியாகிவிட்டது, இனி சோதனை. புது ஹவுசிங், அல்லது வளையம் மாற்றியது, அல்லது மாதக்கணக்கில் சும்மா கிடந்தது என்றால் முதலில் கேமரா இல்லாமல் சோதியுங்கள். உள்ளே நாலு மடிப்பு டிஷ்யூ காகிதம் வைத்து மூடி, ஒரு அண்டா நிறையத் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். வெற்று ஹவுசிங் மிதக்கும், அதனால் மேலே கல்லைக் கட்டுவதைவிட உள்ளே துணி சுற்றின ஒரு கனமான பொருளை வைப்பது வசதி. ஓரங்களில் ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிர்ந்ததும் நின்றுவிடும், ஒரே இடத்திலிருந்து விடாமல் வரிசையாக வந்தால் அங்கேதான் வழி. தண்ணீருக்குள் வைத்தே எல்லாப் பட்டன்களையும் அழுத்துங்கள், திருகுகளைச் சுழற்றுங்கள், சில பட்டன் தண்டுகள் அசையும்போது மட்டும்தான் ஒழுகும். அரை மணி நேரம் கழித்து எடுத்து, வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிட்டுத் திறந்து காகிதத்தைப் பாருங்கள். இதில் தேறினால் முதல் டைவில் வெற்று ஹவுசிங்காகவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். ஒரு டைவ் போட்டோ இல்லாமல் போனால் போகட்டும்.

விலை கூடிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது, வேறு எதற்குச் செலவு செய்வதற்கும் முன்னால் வெற்றிடப் பம்பு வால்வு வாங்குங்கள் என்பதுதான். மூடிய ஹவுசிங்கிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. தண்ணீரில் இறங்காமலே தெரிந்துவிடுகிறது என்பது ஒன்று, உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் கதவு மேல்மட்டத்திலேயே இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. உறிஞ்சியதும் பச்சை விளக்கு வந்துவிட்டது என்று கிளம்பிவிடாமல் இருபது முப்பது நிமிடம் விடுங்கள், முடிந்தால் ராத்திரி முழுக்க. ஒரு விஷயம்: 24 டிகிரி அறையிலிருந்து 36 டிகிரி வெயிலுக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் தானாகவே ஏறக்குறைய 4 சதவீதம் கூடும், அதனால் முள் கொஞ்சம் நகர்ந்தால் உடனே ஒழுகல் என்று முடிவு கட்டாதீர்கள், நிழலில் வைத்து மறுபடி பாருங்கள். ஈரம் உணரும் அலாரம் இருந்தால் அதன் இரண்டு முனைகளிலும் ஈர விரலை வைத்துக் கத்துகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பேட்டரி தீர்ந்த அலாரம் இருந்தும் இல்லாததுதான்.

காலையில் படகில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, திறக்காமல் இருப்பது. அதற்காகவே முந்தின இரவு பேட்டரி முழுக்க ஏற்றி, பெரிய மெமரி கார்டு போட்டு வைக்கிறேன். திறந்தே ஆக வேண்டும் என்றால் கையையும் தலையையும் துடைத்துவிட்டு, ஹவுசிங்கைச் சுற்றிலும் துடைத்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திறங்கள். நனைந்த தலையிலிருந்து விழும் ஒரு சொட்டு உப்புநீர் நேராகக் கேமரா மேல்தான் விழும். வெயிலில் வைக்காதீர்கள், ஈரத்துணி போட்டு மூடி நிழலில் வையுங்கள். கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள், நீங்கள் இறங்கியபின் மேலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை நிமிடம் நின்று போர்ட்டுக்குள் பாருங்கள், குமிழி வருகிறதா பாருங்கள். களவா மீனும் அஞ்சாளை மீனும் எங்கும் போய்விடாது.

கரையிலிருந்தே இறங்குவது என்றால் அது தனிக் கவலை. புதுச்சேரி செரினிட்டி கடற்கரையிலும் சரி, கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் சரி, அலை உடையும் இடத்துத் தண்ணீர் மணல் கலந்தது, அந்த மணல் பட்டன் இடுக்கிலும் கதவிடுக்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹவுசிங்கை மணலில் வைக்கவே கூடாது, அலையைத் தாண்டும்வரை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெண்ணையாறும் கெடிலமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும்போது நான் கேமராவை எடுத்துப் போவதில்லை, படமும் வராது, வண்டல் போகாத இடமும் கிடையாது.

டைவ் முடிந்ததும் உப்பு காயவிடக்கூடாது. காய்ந்தால் பரலாகி வளையத்தின் ஓரத்திலும் பட்டன் தண்டிலும் இறுகிவிடும், அடுத்த முறை பட்டனை அழுத்தும்போது அந்தப் பரல்தான் உள்ளே இருக்கும் சின்ன வளையத்தை அறுக்கும். கரைக்கு வரும்வரை நல்ல தண்ணீர் நனைத்த துண்டில் சுற்றி வையுங்கள், இந்த ஒரு வேலைக்குத் துண்டு நல்லது. வீட்டுக்கு வந்ததும் மூடியபடியே வாளியில் அரை மணி நேரமாவது ஊறவிட்டு எல்லாப் பட்டன்களையும் பத்து இருபது தடவை அழுத்துங்கள். குழாயை நேராகப் பீய்ச்சி அடிக்காதீர்கள், கதவிடுக்கில் பக்கவாட்டிலிருந்து வேகமாக வரும் நீருக்கு வளையம் பழக்கப்பட்டதல்ல. எல்லோர் கேமராவும் ஒன்றன்மேல் ஒன்றாக இடிபடும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் யோசியுங்கள். புதுச்சேரி கடலூர்க் கரையோரத்தில் நிறைய இடத்தில் போர் தண்ணீரே உப்பு ஏறினதுதான், அதில் ஊறவைத்துக் காயவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும். நான் போர் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, கடைசி அலசல் மட்டும் 20 லிட்டர் குடிநீர்க் கேனிலிருந்து எடுத்த தண்ணீரில் செய்கிறேன், அரை வாளி போதும். பிறகு துடைத்து, நிழலில் காயவைத்து, முழுக்க உலர்ந்தபின் திறக்கிறேன். திறக்கும்போது கதவிடுக்கில் நிற்கும் நீர் கேமரா மேல் வழியாமல் வெளிப்பக்கம் சொட்டும்படி ஹவுசிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

பட்டன் தண்டுகளுக்குள் இருக்கும் வளையங்களை வீட்டில் கழற்ற வேண்டாம். அவற்றைத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். பட்டன் அழுத்தினால் மெதுவாகத் திரும்பி வருகிறது, சுற்றினால் நறநறக்கிறது என்றால் வருடம் ஆகவில்லை என்றாலும் அனுப்புங்கள். சில அலுமினிய ஹவுசிங்குகளில் படகு எஞ்சினில் இருப்பது போலவே ஒரு துத்தநாகத் துண்டு இருக்கும், உப்பு அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காக. அது கரைந்துபோயிருந்தால் மாற்றுங்கள். மழைக்காலம் முழுக்க எடுத்து வைக்கும்போது கொக்கியைப் போட்டு வைக்காதீர்கள், வளையம் நசுங்கியபடியே மாதக்கணக்கில் கிடந்து தட்டையாகிவிடும். வளையத்தைக் கழற்றி, துடைத்து, சின்ன ஜிப் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் ஹவுசிங்குக்குள்ளேயே வையுங்கள். விமானத்தில் போகும்போதும் இப்படியே, இல்லையென்றால் மேலே அழுத்தம் குறைந்து கதவு உள்ளிருந்து வெளியே தள்ளப்படும், இறங்கியதும் திறக்க முடியாமல் பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

இவ்வளவுக்கும் பிறகு தண்ணீருக்குள் அலாரம் கத்தினால், அல்லது உள்ளே நீர் ஆடுவது தெரிந்தால், போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். நீர் டோமுக்குள் தேங்கும், லென்ஸ் போனாலும் கேமராவின் உடல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. கேமராவை அணைத்துவிடுங்கள். ஆனால் மேலே ஏறும் வேகத்தைக் கூட்டாதீர்கள், மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க வேண்டிய 3 நிமிடத்தையும் விடாதீர்கள், உங்கள் நுரையீரலை விடக் கேமரா பெரிதில்லை. படகில் ஏறியதும் முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள், உப்புநீர் பட்ட பேட்டரி வாயுவை விட்டு உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். பேட்டரியை முதலில் எடுங்கள், சூடாக இருந்தால் துணிமூட்டைகளிலிருந்து தள்ளி வையுங்கள். மெமரி கார்டை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தினால் படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். உள்ளே முழுசாக உப்புநீர் போன கேமராவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அன்றைக்கே சர்வீசுக்குக் கொண்டுபோங்கள், போட்டுப் பார்க்காதீர்கள், அரிசி மூட்டையில் புதைப்பதால் உப்பு வெளியே வராது.

பேட்டரியை எடுத்த கையோடு, எதையும் துடைப்பதற்கு முன், வளையத்தை நான்கு பக்கமும் போனில் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். நூலோ மணலோ மடிப்போ அந்த நிமிடத்தில் அங்கேயே கிடக்கும். பதற்றத்தில் துடைத்துவிட்டால் பிறகு எதனால் ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது, அதே ஹவுசிங்கில் அடுத்த கேமராவை வைக்கத் தைரியமும் வராது. அன்றைக்கு அந்த வெள்ளை நூலை நான் பார்த்ததால்தான் அதே ஹவுசிங்கைக் கழுவி, புது வளையம் போட்டு, டிஷ்யூ வைத்துச் சோதித்து, இன்றுவரை பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.